பச்சைத் துளையில் வராத சத்தம்

பாஸ்,

இன்று காலை ஆபீஸில் ஒரு பெண் குரல் "ஃப்ரண்ட் லெஃப்ட்" என்றது. கொஞ்சம் இடைவெளி விட்டு "ஃப்ரண்ட் ரைட்" என்றது. லினக்ஸில் ஸ்பீக்கரைச் சோதிக்கும்போது வருமே, அதே பதிவுக் குரல்தான். கணக்குப் பிரிவுக்கு ஒதுக்கிய பழைய கணினி ஒன்றில் நேற்று அந்த இயங்குதளத்தைப் போட்டிருந்தேன். மதர்போர்டின் பின்பக்கத்துப் பச்சைத் துளையில் ஸ்பீக்கர் கம்பியைச் சொருகி, கட்டளையைத் தட்டினேன். முதல் முயற்சியிலேயே சத்தம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் பெரும்பாலும் வந்துவிடுகிறது. "வந்திருச்சில்ல அங்கிள், போதும், நிறுத்துங்க" என்றாள் கணக்குப் பிரிவில் இருக்கும் பெண். நான் உடனே நிறுத்தவில்லை. லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட் என்று அது சொல்லிக்கொண்டே இருக்க, நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன் நினைவு எனக்கு அடிக்கடி வருவதில்லை. வந்தால் இப்படி வேலை நேரத்தில்தான் வருகிறது.

நம் பழக்கம் இணையத்தில் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் லினக்ஸ் வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் சேர்ந்து நடத்திய குழு அது. பாதிப் பேருக்கு ஒரே புலம்பல்: எல்லாம் வேலை செய்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் வேலை எனக்கு. கணினி பார்க்க ஆள் இல்லாததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. திரையில் தெரிந்ததை எல்லாம் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். நீ குரல் செய்தி அனுப்பினாய். "ஸ்கிரீன்ல என்னா காட்டுதுன்னு எனக்கு வேணாம் பாஸ். காதுக்கு வருதா, வரலியா? அத மட்டும் சொல்லுங்க."

திமிர் பிடித்த ஆள் என்று நினைத்தேன். ஆனால் நீ சொன்னபடி செய்ததும் சத்தம் வந்தது. கேட்காமல் எப்படி இருப்பது என்று அடுத்த தடவையும் உன்னிடமே கேட்டேன். நீ என்னை பாஸ் என்றாய், நான் உன்னை பாஸ் என்றேன். கடைசி வரைக்கும் நாம் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

நேரில் பார்க்கலாம் என்று நீ இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு வரச் சொன்னாய். கிள்ளானில், பண்டமாரானில் இருக்கும் என் வீட்டிலிருந்து புறப்பட்டு கொமுட்டர் ரயில் பிடித்து வந்தேன். நீ சொன்ன டீக்கடைக்கு முன்னால், பார்வையற்றவர்கள் நடப்பதற்காகப் பதித்த மஞ்சள் மேட்டுப் பாதையில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் அதன் மேல் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களை வெள்ளைக் கோலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். "இது யாரு பைக்கு? இது யாரு பைக்கு?" அந்தக் குரலை நான் எத்தனையோ செய்திகளில் கேட்டிருந்தேன். திரையில் தெரிவது உனக்கு ஏன் வேண்டாம் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. கிட்டே போனேன். அப்புறம் "பாஸ்?" என்றேன். "கிள்ளான்லேருந்து வர இவ்வளவு நேரமா? மாட்டு வண்டிலியா வந்தீங்க?" என்றாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கண்ணைப் பற்றி நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

உன் வீடு அந்த டீக்கடைக்கு மேல் மாடி. ஒரு அறை, ஒரு அடுப்படி. மேஜையில் ஒரு கணினிப் பெட்டி, கீபோர்டு, இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். மானிட்டர் கிடையாது. எதற்கு இருக்க வேண்டும்? திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் பேசும், நீ கேட்பாய், தட்டுவாய். ஸ்பீக்கரில் சத்தம் வராவிட்டால் எனக்குப் பாட்டு போகும். உனக்குக் கணினியே போய்விடும். அதனால்தான் மதர்போர்டு ஒலியைப் பற்றி நீ அவ்வளவு தெரிந்துவைத்திருந்தாய் என்று முதல் நாளே எனக்குப் புரிந்தது. "லைட்ட போட்டுக்குங்க பாஸ், வர்றவங்களுக்குன்னு ஒன்னு வச்சிருக்கேன்" என்றாய். சுவிட்சைத் தட்டினேன், பல்பு எரியவில்லை. எப்போது போனது என்று உனக்கும் தெரியவில்லை. இருவரும் சிரித்தோம்.

ஒரு பெரிய ஆபீஸில் வெகு காலம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாய். பிறகு அந்த மேஜையையே எடுத்துவிட்டார்கள். "இனிமே மெஷினே பேசிக்குமாம் பாஸ். சரி, நானும் மெஷின வச்சிப் பொழச்சிக்கிறேன்" என்றாய். தேடித் தேடி ஒரு வேலை கண்டுபிடித்தாய். வாடிக்கையாளர்களின் தொலைபேசிப் பேச்சைக் கேட்டு, அதைத் தமிழிலும் மலாயிலும் எழுத்தாக்கித் தர வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், சொந்தக் கணினி வேண்டும். திங்கட்கிழமை காலை சோதனை என்று சொல்லியிருந்தார்கள்.

உன் அக்காவுக்கு அந்த வேலையில் விருப்பம் இல்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் உனக்கென்று ஒரு அறையைத் தயார் செய்து வைத்திருந்தார். நீ இடித்துக்கொள்ளக் கூடாது என்று கட்டில் முனை, மேஜை முனை, அலமாரி முனை எல்லாவற்றுக்கும் பஞ்சுப் பட்டை ஒட்டியிருந்தார். உன்னைத் தனியாக விட அவருக்கு மனமில்லை, பயம். உனக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த அறைக்குப் போவதை நினைத்தாலே உனக்கு மூச்சு முட்டியது. "அங்க போனா நான் சோபாவுல ஒரு குஷன் மாதிரி ஆயிருவேன் பாஸ். நல்லாத்தான் பாத்துக்குவாங்க" என்றாய். கடைசியில் அக்காவோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டாய்: திங்கட்கிழமை வேலை கிடைத்தால் பிரிக்பீல்ட்ஸ். கிடைக்காவிட்டால் மறுபேச்சு இல்லாமல் அக்கா வீடு.

அந்த வாரம் பார்த்துத்தானா உன் மதர்போர்டு போக வேண்டும்? செராஸில் ஒரு கடையில் வேறு பழைய போர்டு போட்டுக் கொடுத்தார்கள். கடைக்காரர் தன் மானிட்டரைச் சொருகிப் பார்த்தாராம், திரை வந்ததாம், "ஓகே பாஸ்" என்று கட்டிக் கொடுத்துவிட்டாராம். வீட்டில் வைத்து பட்டனை அமுக்கினால் காற்றாடி மட்டும் சுற்றியது, குரல் இல்லை. வெள்ளிக்கிழமை எனக்குப் போன் செய்தாய். "ஊமையாயிருச்சு பாஸ்" என்றாய். வேறு யாராவது என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று நீயே சொல்லிக் கொடுப்பாய். உன் கணினியை உனக்குப் பார்த்துச் சொல்லத்தான் கண்ணுள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது.

சனிக்கிழமை காலையில் என் வீட்டு மானிட்டரைக் கைலியில் சுற்றி, கொமுட்டரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஆன்டி, "என்ன தம்பி, டிவி ரிப்பேரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்லிக்கொண்டு வர எனக்குப் பொறுமை இல்லை.

மானிட்டரைச் சொருகினேன். கோளாறு உடனே கண்ணில் பட்டது. மாற்றிப் போட்ட போர்டின் ஒலிச் சில்லை இயங்குதளம் அடையாளம் கண்டிருந்தது, ஆனால் ஆரம்பத்திலேயே ஒலியை அடைத்து வைத்திருந்தது. ஒலி அளவைக் காட்டும் கம்பத்துக்குக் கீழே, அடைப்புக்கு அடையாளமாக, எம் எம் என்று இரண்டு எழுத்து. ஒரு விசையைத் தட்டி அடைப்பை எடுத்தேன். "முடிஞ்சிச்சு பாஸ்" என்று பெருமையாகச் சொன்னேன். நீ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தாய். "எங்க முடிஞ்சிச்சு?" என்றாய். ஸ்பீக்கரில் மூச்சுப் பேச்சு இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த நாள் தொடங்கியது. கம்பியை எடுத்துச் சொருகினேன். வேறு துளையில் சொருகிப் பார்த்தேன். ஸ்பீக்கரை என் போனில் மாட்டிப் பார்த்தேன், அது நன்றாகப் பாடியது. ஒலியைத் தொட உன் பயனர் கணக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அணைத்துப் போட்டேன், மறுபடி அணைத்துப் போட்டேன். திரையில் சோதனையை ஓட்டினால் பச்சைக் கோடு துள்ளிக் குதித்தது. அதாவது சத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று கணினி சத்தியம் செய்தது. "ஸ்கிரீன்ல எல்லாம் கரெக்டா இருக்கு பாஸ்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "அப்ப ஸ்கிரீனயே வேலைக்கு அனுப்பலாம் லா" என்றாய். உனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், குரல் உயராது.

ஒரு கட்டத்தில் நீ சரியான கேள்வியைக் கேட்டாய். "அந்த மானிட்டர்ல ஸ்பீக்கர் இருக்கா?"

"இல்ல பாஸ். வெறும் மானிட்டர்."

"அப்ப அது இல்ல" என்றாய். நானும் விட்டுவிட்டேன்.

மதியம் உன் அக்கா வந்தார். கையில் டிபன் கேரியர். கூட வந்த டிரைவர் தம்பியின் கையில் மடித்த அட்டைப் பெட்டிகள். திங்கட்கிழமை வரைக்கும் அவரால் பொறுக்க முடியவில்லை. சோறு, மீன் குழம்பு, கங்கோங் கீரைப் பிரட்டல். நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் எனக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றிவிட்டு, மெதுவாக, "முடியலன்னா விட்டுருங்க தம்பி. ரொம்ப சிரமப்படாதீங்க" என்றார். அக்கறையாகச் சொன்னதுதான். முடியாமல் போக வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரிந்தது. அவர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே அவர் வேண்டுதலுக்கு எதிராக நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கடமாக இருந்தது. மீன் குழம்பு மிகவும் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம் நான் தோற்றுவிட்டேன். போர்டின் ஒலிச் சில்லு செத்துவிட்டது, செராஸ் கடையில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறக்காது. யூஎஸ்பியில் சொருகும் ஒலி அட்டை கீழ்த்தெருவிலேயே கிடைக்கும் என்று பிறகு நினைத்து நினைத்துச் சிரித்தோம், ஆனால் அந்த நேரத்தில் இருவர் புத்தியும் மழுங்கிப் போயிருந்தது. நீ அக்கா பக்கம் திரும்பினாய். பிறகு, "சரிக்கா. வர்றேன்" என்றாய். திங்கட்கிழமை வரைக்கும் கூடக் காத்திருக்கவில்லை. அந்த "சரிக்கா"வைக் கேட்க எனக்கு என்னவோ போல் இருந்தது. அக்கா பெட்டியை விரித்து உன் கைலிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

நான் மானிட்டரை மூட்டை கட்ட வேண்டும். அதன் கம்பியைப் பிடுங்கினேன். நீ மேஜைக்கு வந்து, கணினியை முறையாக அணைப்பதற்காகக் கட்டளையைத் தட்டத் தொடங்கினாய். குரல் இல்லாவிட்டாலும் உன் விரலுக்கு அது தெரியும்.

முதல் எழுத்தைத் தட்டினாய். "பி" என்றது ஸ்பீக்கர்.

நீ விரலை எடுத்துவிட்டாய். அக்கா கையில் ஒரு சட்டையோடு திரும்பிப் பார்த்தார். நீ அடுத்த எழுத்தைத் தட்டினாய். "ஓ" என்றது.

நடந்தது என்ன என்று கண்டுபிடிக்க நமக்கு நேரம் ஆகவில்லை. என் மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை, ஆனால் பின்னால் ஹெட்போன் மாட்ட ஒரு சின்னத் துளை இருந்தது. நான் ஒரு நாளும் பயன்படுத்தாத துளை. அதை வைத்தே அந்த மானிட்டர், எனக்கும் சத்தம் அனுப்பு என்று கணினியிடம் சொல்லியிருக்கிறது. படம் போகும் அதே கம்பியில் சத்தத்தையும் அது இழுத்துக்கொண்டது. கம்பியைப் பிடுங்கியதும் சத்தம் உன் ஸ்பீக்கருக்குத் திரும்பிவிட்டது. திரையில் அது எழுதியும் இருந்தது. போர்டின் ஒலிக்கும் மானிட்டர் வழி ஒலிக்கும் ஒரே பெயர், கடைசி வார்த்தை மட்டும் வேறு. முதல் பாதியைப் பார்த்ததும் இதுதான் நமக்கு வேண்டியது என்று நான் மேலே வாசிக்கவில்லை. உண்மையான கோளாறைக் காலையிலேயே சரிசெய்துவிட்டேன். அதற்குப் பிறகு நாள் முழுக்க நான் தேடியது பண்டமாரானிலிருந்து மடியில் வைத்து நானே கொண்டுவந்த கோளாறு. ஆபீஸில் பழைய கம்பிகள், அவற்றில் சத்தமே போகாது, அதனால் எனக்கு அது பழக்கமில்லை. உன் வீட்டுக்கோ மானிட்டரே வந்ததில்லை. நம் இருவரைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு நாளை வீணாக்கியிருக்க முடியாது.

"காலையிலேருந்து அது கத்திக்கிட்டேதான் இருந்திருக்கு பாஸ்" என்றாய். "நீங்கதான் அது வாயப் பொத்திக்கிட்டு, ஏன் பேசலன்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க." சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தாய். நீ அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அக்கா சிரிக்கவில்லை. "பேசுதா?" என்று கேட்டார். "பேசுதுக்கா" என்றாய். அவர் பெட்டிக்குள் வைத்த கைலிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கலையாமல் மறுபடி அலமாரியில் வைத்தார். டிபன் கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு, "ராத்திரிக்குக் குழம்பு இருக்கு, சுட வச்சிக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவை வெகு நாள் உன் கட்டிலுக்கடியில் கிடந்தன.

திங்கட்கிழமை வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு நீ அங்கே இருந்த வருஷங்களைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை செய்தாய், வாடகை கட்டினாய், டீக்கடையில் சண்டை போட்டாய், பைக்குகளைத் தட்டினாய். குழுவில் புதிதாக வந்து புலம்புகிறவர்களிடம், "மொதல்ல மானிட்டர புடுங்குங்க. ஏன்னு கிள்ளான் பாஸ் சொல்லுவாரு" என்று எழுதி என் மானத்தை வாங்கினாய். நான் மாதத்துக்கு ஒரு தடவை வருவேன். அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. நட்பு குறைந்துவிடவில்லை, வேலை கூடிவிட்டது.

நீ போனது ஒரு காலையில். டீக்கடைக்காரர் நீ இறங்கி வராததைப் பார்த்து மேலே போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். நெஞ்சுவலி என்றார்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சாவு வீட்டில் இதைச் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். அக்கா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார், அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நான் அழவில்லை. ரயிலில் திரும்பும்போது இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து அக்கா போன் செய்தார். "தம்பி, அவன் மெஷின இங்க கொண்டாந்து வச்சிருக்கேன். ஆன் பண்ணா சத்தமே வரல. ஒரு நாள் வந்து பாக்கறீங்களா?"

போனேன். மானிட்டர் எடுத்துப் போகவில்லை. உனக்காகத் தயார் செய்த அந்த அறையில், பஞ்சுப் பட்டை ஒட்டிய மேஜையில், உன் கணினி இருந்தது. யாரோ ஸ்பீக்கர் கம்பியை மைக் துளையில் சொருகியிருந்தார்கள். எடுத்துப் பச்சையில் சொருகினேன். ஒரு விசையைத் தட்டினேன். குரல் வந்தது. நீ வைத்திருந்த வேகத்தில், நெல் கொட்டுகிற மாதிரி மளமளவென்று வந்தது. ஒரு வார்த்தை கூடப் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை தடவை கேட்டும் எனக்கு அது ஒரு நாளும் பிடிபட்டதில்லை.

"என்ன தம்பி சொல்லுது?"

"எனக்கும் புரியாதுக்கா. அவருக்குத்தான் புரியும். வேணும்னா வேகத்தக் கொறைக்கலாம்."

"வேணாம். அப்படியே இருக்கட்டும்" என்றார்.

கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். நான் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தேன், நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்பதால். பிறகு அவர், கோபமே இல்லாமல், கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "அன்னிக்கு இது பேசாம போயிருந்தா, அவன் இந்த ரூம்ல இருந்திருப்பான் தம்பி. சத்தம் கேட்டு நான் ஓடி வந்திருப்பேன்."

"ஆமாக்கா" என்றேன்.

அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். உன்னைப் பற்றி எனக்கிருக்கும் மற்ற நினைவெல்லாம் வந்து வந்து போகிறது. அக்கா சொன்ன இது மட்டும் போவதில்லை. கப்பல் பட்டியலைச் சரிபார்க்கும்போது, பாசாரில் மீன் வாங்கும்போது, அது கூடவே இருக்கிறது. கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் யோசித்து ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறேன். அதை உன் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன். உனக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்து, அந்தச் சனிக்கிழமை திரும்ப வந்தாலும், நான் உன் அக்கா போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, உன் மெஷினைப் பேச வைத்துவிட்டுத்தான் இறங்கிப் போவேன், பாஸ்.